நீர்மூழ்கியில் புதிதாக ஏறுகிறவருக்கு: கட்டளை வாங்குவதும் தகவல் கொடுப்பதும்

நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தேர்வாகிப் போகிறவருக்கு வால்வு, பம்ப், பேட்டரி பற்றிச் சொல்லித்தரப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. எப்படிப் பேச வேண்டும் என்பதை மட்டும் யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை. "போகப் போகப் புரியும்" என்று விட்டுவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான். புரியும் வரை வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. கேட்டால் ஆளுக்கொரு துண்டு சொல்வார்கள். அந்தத் துண்டுகளை வரிசைப்படுத்தித்தான் இதை எழுதுகிறேன். நாட்டுக்கு நாடு, கப்பலுக்குக் கப்பல் சொற்கள் மாறும். உங்கள் கப்பலின் புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தால் புத்தகம் சொல்வதே சரி. முறை மட்டும் ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு கறார் என்று முதல் வாரத்தில் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 நாட் வேகம் என்றால் வினாடிக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல். அந்த வேகத்தில் கப்பலின் மூக்கு 20 டிகிரி கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் வினாடிக்கு மூன்றரை மீட்டர் ஆழம் கூடும். "என்ன சொன்னீங்க?" என்று ஒருவர் கேட்டு, மற்றவர் மறுபடி சொல்லி முடிப்பதற்குள் 30 மீட்டர் இறங்கியிருப்பீர்கள். 200 மீட்டர் ஆழத்தில் 5 செ.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்று உடைந்தால் நிமிடத்துக்கு 4 டன்னுக்கு மேல் கடல் உள்ளே வரும். பேச்சில் வீணாகும் நேரத்துக்கு இங்கே எடை உண்டு.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலிருந்து கீழே வருவது கட்டளை. அதை அச்சுப் பிசகாமல் வாங்க வேண்டும். கீழிருந்து மேலே போவது தகவல்; அதை யாரும் கேட்காமலே கொடுக்க வேண்டும். புதியவர்கள் எல்லோரும் முதலாவதற்குப் பயந்து பயந்து தயாராகிறார்கள். என் பார்வையில், ஆபத்து அதிகம் ஒளிந்திருப்பது இரண்டாவதில்.

1. உங்களுக்கு இரண்டு மேலதிகாரிகள்: யார் எப்போது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கப்பலில் இரண்டு சங்கிலிகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று பிரிவுச் சங்கிலி: உங்கள் பிரிவின் மூத்த மாலுமி, பிரிவு அதிகாரி, துறைத் தலைவர், துணைக் கேப்டன், கேப்டன். லீவு, வேலைப் பங்கீடு, பயிற்சி, சண்டை சச்சரவு எல்லாம் இந்த வழி. மற்றொன்று வாட்ச் சங்கிலி (வாட்ச் என்றால் முறை வைத்து ஓர் இடத்தில் நிற்கும் பணி நேரம்): நீங்கள், உங்கள் வாட்ச் சூப்பர்வைசர், கன்ட்ரோல் ரூமில் நிற்கும் வாட்ச் ஆபீசர், அங்கிருந்து கேப்டன். கப்பல் ஓடுவது, ஆழம், வேகம், வால்வு, மின்சாரம் எல்லாம் இந்த வழி.

வாட்ச்சில் நிற்கும்போது வாட்ச் சங்கிலிதான் செல்லும். பொறி இங்கேதான் இருக்கிறது. நீங்கள் வாட்ச்சில் இருக்கும்போது உங்கள் பிரிவு மூத்தவர் அந்தப் பக்கம் வந்து, "அந்த வால்வைக் கொஞ்சம் மூடிடு" என்பார். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். உங்களைவிட அவருக்கு நூறு மடங்கு தெரியும். இருந்தாலும் கை வைக்காதீர்கள். "சரிங்க, வாட்ச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுச் செய்கிறேன்" என்று சொல்லிப் போனை எடுங்கள். விவரம் தெரிந்த மூத்தவர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கன்ட்ரோல் ரூமுக்குத் தெரியாமல் ஒரு வால்வின் நிலை மாறினால், அடுத்த கட்டளை தவறான படத்தை வைத்துக் கொடுக்கப்படும்.

ஏறிய அன்றே வாட்ச் பில்லைப் பாருங்கள். யார் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்ற பட்டியல் அது. உங்கள் பெயரோடு உங்களுக்கு முந்தியவர், பிந்தியவர், சூப்பர்வைசர் பெயர்களையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

2. படித்துக் கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள்

நிலையான ஆணைகள்: கேப்டன் எழுதி வைத்திருக்கும் நிரந்தர விதிகள். என்ன நடந்தால் தன்னை எழுப்ப வேண்டும், எதை யார் அனுமதியில் செய்யலாம் என்பதெல்லாம் இதில் இருக்கும். முழுவதும் மனப்பாடம் ஆகாது. "கேப்டனுக்கு உடனே தெரிவிக்க வேண்டியவை" என்ற பகுதியை மட்டும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்யுங்கள்.

இரவு ஆணைகள்: அன்றன்றைக்கு எழுதப்படுபவை. வாட்ச் ஏறும் முன் உரியவர்கள் படித்துக் கையெழுத்திட வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்ப்பீர்கள். நீங்கள் அதில் சேராதீர்கள்.

லாக்: கருவிகள் காட்டும் அளவுகளை நேரத்தோடு குறிக்கும் பதிவேடு. கருப்பு மையில் எழுதுங்கள். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் இனிஷியல். அழிப்பது, மேலே மேலே எழுதுவது, வெள்ளை பூசுவது கூடாது. அளவு எல்லையைத் தாண்டினால் சிவப்பு வட்டம், குறிப்புப் பகுதியில் காரணம். அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: சிவப்பு வட்டம் போட்டதால் தகவல் சொன்னதாக ஆகாது. லாக்கை அடுத்தவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரட்டுவார். வட்டம் போட்ட கையோடு வாய் திறந்து சொல்ல வேண்டும்.

டேக்: வால்வு, சுவிட்ச் போன்றவற்றில் கட்டித் தொங்கவிடும் எச்சரிக்கை அட்டை. சிவப்பு டேக் தொங்கும் எதையும் தொடக் கூடாது. அந்தக் குழாயின் மறுமுனையில் ஒருவர் கையை உள்ளே விட்டு வேலை செய்துகொண்டிருக்கலாம். யார் சொன்னாலும் சரி, டேக்கை முறைப்படி எடுத்த பிறகுதான் இயக்கலாம். மஞ்சள் டேக் என்றால் அதில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, அதன்படி.

காகிதத்தில் இருக்கும் தகவல் வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 2005 ஜனவரி 8 அன்று அமெரிக்க நீர்மூழ்கி சான் பிரான்சிஸ்கோ, குவாமுக்குத் தெற்கே முழு வேகத்தில் கடலடி மலை ஒன்றில் மோதியது. ஒரு மாலுமி இறந்தார், ஏராளமானோர் காயமடைந்தார்கள். பயன்பாட்டில் இருந்த வரைபடத்தில் அந்த இடத்தில் ஆபத்து எதுவும் குறிக்கப்படவில்லை. கப்பலிலேயே இருந்த மற்ற வரைபடங்களில், அந்தப் பக்கத்தில் கடல்நீர் நிறம் மாறித் தெரிந்ததாக (அடியில் ஆழம் குறைவாக இருக்கலாம் என்பதற்கு அடையாளம்) ஒரு குறிப்பு இருந்தது. அதை யாரும் இந்த வரைபடத்துக்கு மாற்றி எழுதவில்லை.

3. கட்டளை வாங்குவது: கேள், திருப்பிச் சொல், செய், முடிந்ததைச் சொல்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சுக்கான் பிடிக்கும் இடத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த இடத்துக்கு ஹெல்ம், சுக்கானுக்கு ரடர் என்று பெயர். சுக்கானை வலப்பக்கம் 15 டிகிரி திருப்பி, 090 திசையில் கப்பலை நிறுத்து என்பதுதான் கட்டளை.

வாட்ச் ஆபீசர்: "ஹெல்ம், ரைட் ஃபிஃப்டீன் டிகிரீஸ் ரடர், ஸ்டெடி கோர்ஸ் ஸீரோ நைன் ஸீரோ."

நீங்கள்: "ரைட் ஃபிஃப்டீன் டிகிரீஸ் ரடர், ஸ்டெடி கோர்ஸ் ஸீரோ நைன் ஸீரோ, ஹெல்ம், ஆய்."

ரடர் அந்த இடத்துக்கு வந்ததும் நீங்கள்: "மை ரடர் இஸ் ரைட் ஃபிஃப்டீன் டிகிரீஸ்."

வாட்ச் ஆபீசர்: "வெரி வெல்."

கப்பல் திரும்பி 090-இல் நின்றதும், "ஸ்டெடி கோர்ஸ் ஸீரோ நைன் ஸீரோ" என்று மறுபடி ஒரு அறிக்கை. அதற்கும் ஒரு "வெரி வெல்." அது வரும் வரை அந்தக் கட்டளை முடியவில்லை.

நாலு முறை பேச்சு எதற்கு? ஒவ்வொன்றும் ஒவ்வொரு பிழையைப் பிடிக்கிறது. திருப்பிச் சொல்வது, நீங்கள் தப்பாகக் கேட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும். ஆபீசர் வாய் தவறி வலம் என்பதற்கு இடம் என்று சொல்லியிருந்தால், தன் சொல்லையே உங்கள் வாயால் கேட்கும்போது அவருக்கே உறைக்கும். முடிந்ததைச் சொல்வது, இயந்திரம் கேட்டபடி நடந்ததா என்பதை உறுதி செய்யும். கடைசி "வெரி வெல்", உங்கள் தகவல் போய்ச் சேர்ந்ததற்கு ரசீது.

பொறிகள் சில:

"சரி சார்", "ஓகே" என்று தலையாட்டுவது. இது திருப்பிச் சொல்வதில் சேராது. நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

"ஆய்" என்பதற்கும் "யெஸ்" என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் இருப்பது. "ஆய்" என்றால் புரிந்தது, செய்கிறேன். "யெஸ்" என்றால் கேட்ட கேள்விக்கு ஆமாம், அவ்வளவுதான். "வெரி வெல்" என்று மேலே இருப்பவர்தான் கீழே சொல்வார். நீங்கள் அவரைப் பார்த்து அதைச் சொன்னால் அறையே திரும்பிப் பார்க்கும்.

காது கேட்ட வேகத்தில் வாய் ஒப்பிப்பது. இதுதான் மோசம். நாலைந்து வாரம் ஆனதும் வாய்க்குப் பழகிவிடும். மனம் எங்கோ இருக்க, உதடு மட்டும் அழகாகத் திருப்பிச் சொல்லும். கை பழைய இடத்திலேயே இருக்கும். திருப்பிச் சொல்லும்போது கண் அந்தக் கருவிமேல் இருக்கட்டும். ரடர் காட்டியைப் பார்த்துக்கொண்டே "ரைட்" என்று சொன்னால், கை இடப்பக்கம் போகாது.

சரியாகக் கேட்கவில்லை என்றால் ஊகிக்காதீர்கள். மறுபடி சொல்லச் சொல்லிக் கேளுங்கள். எத்தனை முறை கேட்டாலும் அதற்குத் திட்டு கிடையாது. ஊகித்துச் செய்ததற்குத்தான் கிடைக்கும், அதுவும் சரியாகவே ஊகித்திருந்தாலும்.

4. எண்ணும் சொல்லும்

திசை, ஆழம், தூரம் எல்லாம் இலக்கம் இலக்கமாகச் சொல்லப்படும். "நூற்றைம்பது" என்பதற்குப் பதில் "ஒன் ஃபைவ் ஸீரோ." கம்பி வழியே கேட்டால் ஃபைவும் நைனும் ஒன்றுபோல ஒலிக்கும் என்பதால், ஒன்பதைச் சில இடங்களில் "நைனர்" என்பார்கள். திசைக்கு எப்போதும் மூன்று இலக்கம்: ஏழு டிகிரி என்றால் "ஸீரோ ஸீரோ செவன்."

வால்வை மூடச் சொல்லப் பல கப்பல்களில் "க்ளோஸ்" என்பதில்லை, "ஷட்" என்பார்கள். இரைச்சலில் "க்ளோஸ்" என்பது "ப்ளோ" என்று காதில் விழுந்தால், பாலாஸ்ட் டேங்கில் (முங்குவதற்காகக் கடல்நீர் நிரப்பும் தொட்டி) காற்றைப் பாய்ச்சிக் கப்பலை மேலே தூக்கச் சொன்னதாக ஆகிவிடும். அதே காரணத்தால், "ப்ளோ", "ஃபயர்" போன்ற சொற்களைச் சாதாரண அரட்டையில்கூடக் கன்ட்ரோல் ரூமில் உரக்க உச்சரிக்காதீர்கள்.

5. எந்தக் கம்பியில் எதைப் பேசுவது

கப்பல் முழுக்கக் கேட்கும் ஒலிபெருக்கி, கன்ட்ரோல் ரூமுக்கும் இன்ஜின் ரூமுக்கும் இடையேயான இணைப்பு, சோனாருக்கு (நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி) தனி, அவசரத் தகவலுக்குத் தனி எனப் பல இணைப்புகள் உண்டு. எது எங்கே போகும் என்று முதல் வாரத்திலேயே ஒரு தாளில் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒலி சக்தியில் ஓடும் போன் ஒன்று உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டாம். உங்கள் குரல் தரும் அதிர்வே மறுமுனையில் ஒலியை எழுப்பும். கப்பல் முழுக்க மின்சாரம் போனாலும் இது பேசும். அதனால் இதில் முணுமுணுத்தால் எதுவும் போகாது. வாய்க்கு அருகே வைத்து, நிதானமாக, உரத்துப் பேச வேண்டும். பேசி முடித்ததும் பொத்தானை விட்டுவிடுங்கள். அழுத்தியே வைத்திருந்தால் உங்கள் பக்க இரைச்சல் எல்லார் காதிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் யாரை அழைக்கிறீர்கள், பிறகு நீங்கள் யார், பிறகு செய்தி. "சைலன்ஸ் ஆன் தி லைன்" என்று யாராவது சொன்னால் பாதி வாக்கியத்திலேயே நிறுத்துங்கள். உங்களுடையதைவிட அவசரமான ஒன்று வருகிறது.

6. வாட்ச் மாற்றுவது: நேரம் ரொம்ப முக்கியம்

அமெரிக்க நீர்மூழ்கிகளில் ஒரு காலத்தில் 6 மணி நேரம் வாட்ச், 12 மணி நேரம் மற்றவை என்று 18 மணி நேர நாளே ஓடியது. பிறகு 8 மணி நேர வாட்ச்சும் 24 மணி நேர நாளும் வந்தன. வேறு கடற்படைகளில் 6 மணி நேரம் வேலை, 6 மணி நேரம் ஓய்வு என்ற முறையும் உண்டு. எதுவானாலும், உங்கள் வாட்ச் தொடங்கும் நேரத்தில் அங்கே போய் நின்றால் நீங்கள் தாமதம் என்று பொருள்.

அரை மணி நேரம் முன்பே எழுந்துவிடுங்கள். முதலில் உங்கள் பகுதியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கண்ணால் பாருங்கள். பிறகு முந்தைய வாட்ச்சின் லாக்கைப் படியுங்கள். அதன் பிறகுதான் நிற்பவரிடம் போக வேண்டும். "விடுவிக்கத் தயார்" என்று நீங்கள் சொல்ல, "விடுபடத் தயார்" என்று அவர் சொல்லி, நிலவரத்தை ஒப்படைப்பார். என்ன ஓடுகிறது, என்ன நின்றிருக்கிறது, எது டேக் போட்டிருக்கிறது, எந்த வேலை பாதியில் இருக்கிறது, அடுத்து எதை எதிர்பார்க்க வேண்டும் என்று. கேள்வி கேளுங்கள். திருப்தியானால் மட்டுமே "உங்களை விடுவிக்கிறேன்" என்ற சொல். அந்தச் சொல் வாயிலிருந்து வந்த வினாடி முதல் பொறுப்பு உங்களுடையது. பிறகு சூப்பர்வைசருக்கு ஓர் அறிக்கை.

கப்பல் திரும்பிக்கொண்டிருக்கும்போதோ ஆழம் மாறும்போதோ வாட்ச் மாற்றக் கூடாது. அது முடியட்டும், காத்திருங்கள். எட்டு மணி நேரம் நின்ற ஆள் பசியோடு, "எல்லாம் நார்மல்தான், கையெழுத்துப் போடு" என்று அவசரப்படுத்துவார். நார்மல் என்றால் என்ன எண் என்று கேளுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

7. கெட்ட செய்தியை மேலே சேர்ப்பது

2001 பிப்ரவரி 9. ஹவாயின் ஓஹூ தீவுக்குத் தெற்கே அமெரிக்க நீர்மூழ்கி கிரீன்வில், கப்பலில் இருந்த 16 விருந்தினர்களுக்காக அவசரமாக மேலெழும்பிக் காட்டியது. எழும்பிய இடத்தில் ஜப்பானிய மீன்வளப் பள்ளி ஒன்றின் பயிற்சிக் கப்பலான எஹிமே மாரு போய்க்கொண்டிருந்தது. நீர்மூழ்கி அதன் அடியைக் கிழித்ததில் 9 பேர் இறந்தார்கள். மோதலுக்கு முன்பே, ஒரு கப்பல் நெருங்கி வருவதைக் காட்டும் கணக்கு, கன்ட்ரோல் ரூமில் இருந்த ஒரு மாலுமியின் திரையில் இருந்தது. அவர் அதை உரக்கச் சொல்லவில்லை. அறையில் விருந்தினர் கூட்டம் வழியை மறித்ததால், வழக்கமாகக் குறிக்கும் வரைபடத்திலும் குறிக்கவில்லை. கேப்டன் பெரிஸ்கோப்பில் பார்த்துவிட்டு எதுவும் இல்லை என்றதும், தன் கணக்கை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்.

அந்த மாலுமியை மட்டும் குறை சொல்லி எந்தப் பயனும் இல்லை. மேலே இருப்பவர் அவசரத்தில் இருந்தார், நேரம் தள்ளிப்போயிருந்தது, நல்ல அனுபவசாலி வேறு. "அவர் கண்ணால் பார்த்துவிட்டார், நம் கணக்குதான் தப்பாயிருக்கும்" என்று யாருக்கும் தோன்றும். உங்களுக்கும் தோன்றும். தோன்றும்போது சொல்ல வேண்டிய வாக்கியத்தை இப்போதே வாய்க்குப் பழக்கிக்கொள்ளுங்கள்: "நீங்கள் பார்த்ததும் என் திரையும் ஒத்துப்போகவில்லை. என் திரையில் இவ்வளவு தூரம், நெருங்குகிறது."

நம் வாயில் வரும் முன்னுரைகள் வேறு இருக்கின்றன. "சார், தப்பா எடுத்துக்காதீங்க", "ஒண்ணுமில்ல, சும்மா சொல்லலாம்னு", "ஒருவேளை நான்தான் சரியா பாக்கலையோ என்னவோ." மரியாதை என்று நினைத்துச் சொல்கிறோம். கேட்பவர் காதில், இது முக்கியமில்லை என்றே விழுகிறது. பாதியிலேயே கவனம் வேறு பக்கம் போய்விடும். எண்ணில் தொடங்குங்கள். என்ன, எங்கே, எவ்வளவு, மாறிக்கொண்டிருக்கிறதா, நீங்கள் என்ன செய்கிறீர்கள். "இன்ஜின் ரூம் பில்ஜில் தண்ணீர் அரை மணியில் 2 செ.மீ. ஏறியிருக்கிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை, தேடுகிறேன்." (பில்ஜ் என்பது கப்பலின் அடியில் கசியும் நீர் சேரும் இடம்.) மரியாதை குரலில் இருந்தால் போதும்.

"எங்கிருந்து என்று தெரியவில்லை" என்ற பகுதியைக் கவனியுங்கள். பார்த்ததையும் ஊகித்ததையும் பிரித்துச் சொல்வது தனிப் பழக்கம். 1939 ஜூன் 1 அன்று லிவர்பூல் விரிகுடாவில் பிரிட்டிஷ் நீர்மூழ்கி தீட்டிஸ் முதல்முறையாக முங்கிப் பார்க்கும்போது, டார்பிடோ குழாய்க்குள் தண்ணீர் இருக்கிறதா என்று சின்னச் சோதனைத் திருகைத் திறந்தார்கள். தண்ணீர் வரவில்லை. குழாய் காலி என்று எடுத்துக்கொண்டு உள்கதவைத் திறந்தார்கள். வெளிக்கதவோ திறந்திருந்தது, சோதனைத் திருகின் துளையை வண்ணப்பூச்சு அடைத்திருந்தது. 99 பேர் இறந்தார்கள். "திருகில் தண்ணீர் வரவில்லை" என்பது கண்ணால் கண்டது. "குழாய் காலி" என்பது ஊகம். முதலாவதை அப்படியே சொல்லுங்கள். இரண்டாவதைச் சொல்வதென்றால் "என் ஊகம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

முங்குவதற்கு முன் வால்வுகளைச் சரிபார்க்கும் வேலைக்கும் இதே விதிதான். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் தனியாக, மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். இருவரும் பேசிக்கொண்டே சேர்ந்து சுற்றினால் ஒருவர் பார்த்ததற்கே சமம். மூடியிருக்கிறதா என்று பார்க்க, கைப்பிடியை மூடும் திசையில் திருப்பிப் பாருங்கள். அசையவில்லை என்றால் மூடியிருக்கிறது. கண்ணால் பார்த்து டிக் அடிப்பது அறிக்கை ஆகாது.

சூப்பர்வைசர் கேட்டுவிட்டு எதுவும் செய்யவில்லை என்றால்? மறுபடி சொல்லுங்கள், இம்முறை "இது வாட்ச் ஆபீசருக்குப் போக வேண்டும்" என்று சேர்த்து. அப்படியும் நகரவில்லை, ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது என்றால் நீங்களே வாட்ச் ஆபீசரை அழையுங்கள். சங்கிலியைத் தாண்டுவதாக நினைக்க வேண்டாம். கப்பலின் பாதுகாப்பு என்று வரும்போது எந்த நிலையில் இருப்பவரும் நேராகச் சொல்லலாம். தாண்டியதை மறைக்காமல் பிறகு சூப்பர்வைசரிடமும் சொல்லிவிடுங்கள்.

8. கட்டளையே தப்பாகப் பட்டால்

கப்பல் 100 டிகிரித் திசையில் போகிறது. "ரைட் ரடர், ஸ்டெடி கோர்ஸ் ஸீரோ எய்ட் ஸீரோ" என்று வருகிறது. 080 என்பது இடப்பக்கம் 20 டிகிரியில் இருக்கிறது. வலப்பக்கம் போனால் 340 டிகிரி சுற்ற வேண்டும். வேண்டுமென்றே சொல்லியிருக்கலாம், பின்னால் என்ன வருகிறது என்று சோனாரில் கேட்பதற்காகச் சுற்றுவது உண்டு. வாய் தவறியும் இருக்கலாம். நீங்கள் தீர்மானிக்க வேண்டாம். "ஸீரோ எய்ட் ஸீரோ இடப்பக்கம் இருக்கிறது, ரைட் ரடர்தானா?" என்று ஒரு மூச்சில் கேளுங்கள். "ஆமாம், ரைட்" என்றால் உடனே செய்யுங்கள். விளக்கம் கேட்க அது நேரமில்லை. வாட்ச் முடிந்து கேட்டால் சொல்வார்.

கூடாதது ஒன்று: தப்பு என்று நினைத்து, சொல்லாமல் நீங்களே திருத்தி இடப்பக்கம் திருப்புவது. சரியாகவே இருந்தாலும், கட்டளை கொடுத்தவர் மனதில் கப்பல் ஒரு பக்கமும் கடலில் வேறு பக்கமும் போகும்.

சில கப்பல்களில் கட்டளைக்குக் காத்திராமல், "இன்ன காரணத்தால் இதைச் செய்ய எண்ணுகிறேன்" என்று கீழே இருப்பவரே முன்வந்து சொல்லும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம். புதியவர் நன்றாகக் கற்றுக்கொள்ள இதைவிட வழியில்லை. உங்கள் கப்பலில் இருந்தால் பயன்படுத்துங்கள், "வெரி வெல்" வரும் வரை கையை மட்டும் எடுத்து வைத்திருங்கள்.

9. தீ, வெள்ளம்: முதல் பத்து வினாடி

தனியாக இருந்தால் முதலில் தகவல், பிறகு தீயணைப்பான். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் போன், ஒருவர் அணைப்பான். அவசர இணைப்பில் என்ன, எங்கே என்பதை இரண்டு முறை சொல்லுங்கள்: "சமையலறையில் தீ, சமையலறையில் தீ." எப்படிப் பற்றியது, யார் காரணம் என்பதெல்லாம் பிறகு.

சொன்னதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அலாரமும், நீங்கள் சொன்ன அதே இடமும் ஒலிபெருக்கியில் வர வேண்டும். வரவில்லை என்றாலோ வேறு இடம் சொன்னாலோ மறுபடி அழையுங்கள். தவறான இடத்துக்குக் குழாயை இழுத்துக்கொண்டு ஓடியவர்கள் திரும்பி வர ஆகும் நேரத்தில் அறை முழுக்கப் புகையாகிவிடும்.

காற்று முகமூடி போட்ட பிறகு குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஆகிவிடும். வாக்கியம் பேசாதீர்கள், சொல் பேசுங்கள். ஒரு காற்றிணைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கழற்ற வேண்டும். அந்த நேரத்தில் கேள்வி கேட்டால் பதில் வராது, காத்திருங்கள். பயிற்சியின் நடுவே உண்மையாகவே ஏதாவது நடந்தால், "இது பயிற்சி அல்ல" என்பதை முதலில் சொல்லுங்கள்.

10. செலவு, காலம், தகுதி அட்டை

பணச் செலவு என்று பெரிதாக இல்லை. சட்டைப்பையில் நுழையும் நோட்டு, கருப்பு மை பேனா இரண்டு, சிவப்பு ஒன்று, சின்ன டார்ச். உண்மையான செலவு தூக்கம். வாட்ச் முடிந்த பிறகுதான் படிக்க முடியும், படித்த பிறகுதான் கையெழுத்து கேட்க முடியும்.

ஒவ்வொரு அமைப்புக்கும், ஒவ்வொரு நிலைக்கும் தகுதி அட்டையில் ஒரு கட்டம் உண்டு. தகுதி பெற்ற ஒருவர் உங்களை நிறுத்திக் கேள்வி கேட்டு, திருப்தியானால்தான் அதில் கையெழுத்திடுவார். நீர்மூழ்கி வீரராகத் தகுதி பெற்றதற்கான டால்ஃபின் சின்னத்தைக் குத்திக்கொள்ள அமெரிக்கக் கடற்படையில் ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். கால அட்டவணையில் பின்தங்கினால் பெயர் ஒரு பட்டியலில் ஏறும், படம் பார்ப்பது போன்ற சலுகைகள் போகும். பேச்சு முறைக்கு எனத் தனிக் கட்டம் இருந்தால் அதை முதலில் முடித்துவிடுங்கள். மற்ற எல்லாக் கட்டத்திலும் அது உதவும்.

எளிதாகக் கையெழுத்துப் போடுகிறவர் என்று ஒருவர் எல்லாக் கப்பலிலும் இருப்பார். கூட்டம் அவரிடம்தான் நிற்கும். அவர் கையெழுத்து நிறைந்த அட்டையோடு இறுதி நேர்காணலுக்குப் போனால், கேட்பவர்களுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும். கறாரான ஆட்களிடம் பாதியாவது வாங்குங்கள்.

நேர்காணலில் விடை தெரியாவிட்டால் "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்பது ஏற்கப்படும் பதில். குறித்துக்கொண்டு, பிறகு வந்து சொல்லச் சொல்வார்கள். சுற்றி வளைத்துச் சமாளித்தால் அங்கேயே முடிந்தது, ஏனென்றால் நாளை போனிலும் இப்படித்தான் சமாளிப்பீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

நேர்காணல் தேதி தெரிந்ததும், அதற்கு முந்தின வாட்ச் உங்களுக்கு நள்ளிரவில் இருக்கிறதா என்று வாட்ச் பில்லில் பாருங்கள். இருந்தால், பில் போடுகிறவரிடம் ஒரு வாரம் முன்பே சொல்லி, மாற்றிக்கொள்ளச் சம்மதிக்கும் ஆளையும் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். முந்தின நாள் போய் நின்றால் மாற்றித் தர மாட்டார்கள்.